வெள்ளைக் குழம்புக்குக் காவல்

ஊர்காவற்துறையில் தாய் தகப்பன் வாழ்ந்த வீட்டைக் கிறிஸ்தோப்பர் திருத்தி முடித்த கையோடு அவனுடைய தமக்கை மேரிஜோசப்பின் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பது வருடத்துக்கு மேல் தெற்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். புருசன் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. இனி அங்கே தனிய இருந்து என்ன செய்யப் போகிறாய், ஊருக்கு வந்துவிடு என்று தம்பி கேட்டுக் கேட்டு, ஒருபடியாகச் சம்மதித்து வந்திருந்தாள்.

அந்த வீடு சண்டைக் காலத்தில் கூரை போய், சுவர் மட்டும் நின்ற வீடு. கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதோடுதான் மினக்கெட்டான். ஓடு போட்டான், யன்னல் வைத்தான், குசினிக்குக் குழாய் இழுத்தான். கடைசியாக வெளிச்சுவருக்கு இளநீலமும் உள்ளுக்கு வெள்ளையும் பூசுவித்தான். அக்கா வரும்போது புது வீடாக இருக்க வேண்டும் என்று பூச்சுவேலையை அவள் வருகிற கிழமைக்கென்றே வைத்திருந்தான்.

கதவைத் திறந்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். ஜோசப்பின் உள்ளே கால் வைத்தாள். பின்னால் வந்த தம்பி பெண்சாதி எமில்டாவுக்குப் புதுப் பெயின்ற் மணம் மட்டும்தான் வந்தது. ஜோசப்பினுடைய மூக்குக்கு அந்த மணத்தின் அடியில் இன்னொன்று தட்டுப்பட்டது. மெல்லியது, கொஞ்சம் காரமானது. எத்தனையோ வருடமாகக் காணாத சிநேகிதியைச் சந்தைச் சனத்துக்குள் முதுகுப்பக்கம் பார்த்தே கண்டுபிடித்ததுபோல அவள் அதைக் கண்டுபிடித்தாள். முதலில் நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் குதித்தது. அடுத்த கணமே கை தன்பாட்டில் மூக்கைப் பொத்தியது.

தம்பியின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. நல்ல வடிவாக இருக்கிறது என்றாள். அது உண்மையும்தான். யன்னல்களை எல்லாம் விரியத் திறந்து வைத்துவிட்டு அன்று அங்கேயே படுத்தாள். விடிய எழும்பியபோது இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கியிருந்தன. முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோலச் சிவந்து, தொண்டை அரித்தது.

இது ஏன் வந்தது என்று அவளுக்கு விளங்கும். தம்பிக்கு விளங்காது. அதை விளங்கப்படுத்த அவள் தொண்ணூற்றோராம் ஆண்டுக்குப் போக வேண்டியிருந்தது.

தீவுச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த அடுத்த வருடம் அது. தகப்பன் முன்னமே இறந்துவிட்டார். கிறிஸ்தோப்பர் மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போனான். ஜோசப்பின் தாயைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குக் கிட்ட ஜா-எல பக்கம் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போனாள். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவள், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாதவள். அங்கே கல் அரைக்கிற தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுகூடத்துக்கு ஆள் தேவை என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். போய்க் கேட்டாள்.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் விநாயகமூர்த்தி என்பவர். நீர் எவடம் என்று தமிழில் கேட்டார். ஊர்காவற்துறை என்றாள். அவர் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். அவர் அதே தீவில் சுருவில் என்ற ஊர்க்காரர். தகப்பன் தெற்கில் கடை வைத்திருந்ததால் சின்னனிலேயே ஊரை விட்டு வந்தவர். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேலையை மறந்து கோயில் கேணியையும் கடல் கடக்கிற பாதைப் படகையும் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அவர் அவளைத் தொழிற்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

மாத்தளைப் பக்கத்திலிருந்து லொறியில் வெள்ளைக் கல் வந்து கொட்டுப்படும். அதை உடைத்து, தண்ணீரோடு பெரிய உருளைகளில் போட்டு, கோதுமை மாவைவிட நைசாக வரும்வரை அரைப்பார்கள். வெளியே வருவது தடித்த பால் போன்ற ஒரு குழம்பு. ஸ்லறி என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டளவு உயரமான தாங்கிகளில் அது நிற்கும். பவுசர் லொறிகள் வந்து நிரப்பிக்கொண்டு கடதாசி ஆலைகளுக்கும் பெயின்ற் செய்கிற இடங்களுக்கும் போகும். கடதாசியின் வெள்ளையும் சுவரின் வெள்ளையும் அதிலிருந்துதான் வருகின்றன.

அங்கே தனக்கு என்ன வேலை என்று கேட்டாள். அது பழுதாகாமல் பார்க்க வேண்டும் என்றார் விநாயகமூர்த்தி. கல் பழுதாகுமா என்று அவள் கேட்டாள்.

“கல் பழுதாகாது பிள்ளை. நாங்கள் அதுக்குத் தண்ணி விடுறம். இறுகிப்போகாமல் இருக்க ஒரு பசையும் விடுறம். கிருமி பெருக அதுவே போதும். சும்மா விட்டுப் பாரும், ஒரு கிழமையில மணக்கும்.”

அவர் ஒரு போத்தலைத் திறந்து நீட்டினார். மருந்து விடாமல் வைத்த குழம்பு. சாம்பல் நிறமாகி, மேலே தண்ணீர் பிரிந்து, கூழ்முட்டை மணம் அடித்தது. பக்கத்தில் இன்னொரு போத்தல். அதில் கிருமி மருந்து அளவாக விட்டிருந்தது. அரைத்து மாதக் கணக்கு ஆகியும் பால் மாதிரி வெள்ளை. ஜோசப்பினுக்கு அது அதிசயமாக இருந்தது. கண்ணால் காணாத ஒன்றுக்கும் இவ்வளவு பெரிய தாங்கிக்கும் நடக்கிற சண்டையில் நடுவில் நிற்பது ஒரு சின்ன வாளி மருந்து. குறைய விட்டால் கிருமி பெருகும். கூட விட்டால் வாங்குகிறவனுக்கும் வேலை செய்கிறவனுக்கும் கூடாது. அந்த அளவைப் பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை என்றாயிற்று.

அந்த வேலையை அவளுக்குப் பழக்கியது சோமலதா. மினுவாங்கொடைப் பக்கத்துச் சிங்களப் பெண், ஜோசப்பினைவிடக் கொஞ்சம் மூத்தவள். ஒவ்வொரு தாங்கியிலும் மேலிருந்தும் அடியிலிருந்தும் குழம்பு எடுத்து வருவார்கள். பசை ஊற்றி உறைய வைத்த கண்ணாடித் தட்டுகளில் ஒரு சொட்டைப் பூசி, சூடான பெட்டிக்குள் வைப்பார்கள். இரண்டொரு நாளில் எடுத்துப் பார்த்தால் தட்டு வெறுமையாக இருக்கும், இல்லாவிட்டால் குருமணல்போலப் புள்ளிகள் பூத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் குடும்பம். வெறும் தட்டைக் கண்டால் இருவரும் சிரிப்பார்கள். புள்ளித் தட்டைக் கண்டால் மருந்துக் கலனுக்கு ஓடுவார்கள். பொதுவான பாஷை ஒன்று இல்லாத காலத்தில் அவர்களுக்குள் பேச்சே அந்தத் தட்டுகள்தான்.

பிறகு பாஷையும் வந்தது. சோமலதா அவளை ஜோசி நங்கி என்று கூப்பிட்டாள். நங்கி என்றால் தங்கச்சி. ஜோசப்பின் அவளை சோமா அக்கா என்றாள். சோமலதா பலாப்பிஞ்சில் சமைத்துக் கொண்டு வந்த பொலஸ் கறியை ஜோசப்பினும், ஜோசப்பின் கொண்டு வந்த கருவாட்டுக் குழம்பை சோமலதாவும் சாப்பிட்டார்கள். கொழும்பில் குண்டு வெடித்த ஒரு முறை, ஜா-எலயில் வாடகைக்கு இருந்த தமிழ்ப் பிள்ளைகளைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. ஜோசப்பினும் அதற்குள் அகப்பட்டாள். சோமலதா வேலை உடுப்போடே பொலிசுக்குப் போய், இவள் எங்களுடைய ஆள், இவள் இல்லாவிட்டால் தாங்கி முழுக்க நாறிப்போகும் என்று சொல்லிக்கொண்டு வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்துவிட்டாள். எழும்பு என்றதற்கும் எழும்பவில்லை. பின்னேரம் விட்டார்கள். அடுத்த நாள் இருவரும் வழமைபோலத் தட்டுப் பார்த்தார்கள்.

சில்வெஸ்ரரும் அந்தத் தொழிற்சாலை முற்றத்தில்தான் வந்து சேர்ந்தார். மண்டைதீவுக்காரர், பவுசர் சாரதி. குழம்பு ஏற்ற முன் பவுசரின் உட்பக்கம் சுத்தமா என்று பார்ப்பதும் ஜோசப்பினின் பொறுப்பு. பழைய குழம்பு மூலையில் ஒட்டியிருந்தால் அதிலிருக்கிற கிருமி புதுக் குழம்பைக் கெடுத்துவிடும். முதல் நாள் அவருடைய பவுசரின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கழுவி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினாள். கழுவி வந்தார். மறுபடியும் முகர்ந்து திருப்பி அனுப்பினாள். மூன்றாம் முறை அவர் மூடியைத் திறக்க முன்னமே கேட்டார்.

“தங்கச்சி, நான் இதுக்குள்ள இருந்து சாப்பிட்டுக் காட்டட்டோ?”

அவள் சிரிக்கவில்லை. சோமலதாவிடம் போய்ச் சொல்லித்தான் சிரித்தாள். அடுத்த வருடம் ஜா-எல கோயிலில் இருவருக்கும் கலியாணம் நடந்தது. சோமலதா சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு மணவறைத் தோழியாக நின்றாள். சில்வெஸ்ரர் வழி நெடுக இருந்த சோதனைச்சாவடிகளில் பவுசர் மூடியைத் திறந்து காட்டிக் காட்டி அலுத்துப்போவார். வெள்ளையாக என்ன கொண்டு போகிறாய் என்று ஆமிக்காரர் தடியை விட்டுக் கிண்டுவார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால் ஜோசப்பின் கேட்கிற முதல் கேள்வி, தடி சுத்தமானதா என்பதாக இருக்கும்.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு சித்திரைப் புதுவருடத்துக்குத் தொழிற்சாலையைப் பூட்டி, விடுமுறை முடித்துத் திறந்தார்கள். ஜோசப்பின் பஸ்ஸால் இறங்கி வாசல் கேற்றடிக்கு வரும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. கூழ்முட்டை மணம். சோமலதா அவளுக்கு முதல் வந்து தாங்கியின் ஏணியில் நின்றாள். பெரிய தாங்கி ஒன்று முழுக்கச் சாம்பலாகிக் கிடந்தது.

விநாயகமூர்த்தி வந்து பார்த்தார். அந்தத் தாங்கியை வெளியேற்றிக் கழுவிப் புதுக் குழம்பு நிரப்பினார்கள். மருந்தும் வழமைபோல விட்டார்கள். தட்டில் மறுபடியும் புள்ளி. மருந்தைக் கூட்டினார்கள். புள்ளி குறைந்து, சில நாளில் திரும்பவும் பூத்தது. கடதாசி ஆலைக்காரர்கள் பவுசரைத் திருப்பி அனுப்பினார்கள். தொழிற்சாலையை மூடிவிடுவார்கள் என்ற கதையும் அடிபடத் தொடங்கியது. சோமலதாவுக்கு அப்போது மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கிருமி எங்கோ ஒளித்திருந்து வருகிறது என்றார் விநாயகமூர்த்தி. மூவருமாக உருளை வாயிலிருந்து பவுசர் வாய் வரைக்கும் ஒவ்வொரு குழாய் மூட்டிலும் குழம்பு எடுத்தார்கள். ஆய்வுகூட மேசை முழுக்கத் தட்டுகள். எடுத்த இடத்தின் ஒழுங்கிலேயே தட்டுகளை அடுக்கினாள் சோமலதா. இரண்டாம் நாள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தபோது அது ஒரு படம் மாதிரித் தெரிந்தது. ஒரு பக்கத்தில் வெறுமை, வரவரப் புள்ளி, ஓரிடத்தில் தட்டே மூடிப்போகும் அளவுக்குப் புள்ளி, பிறகு திரும்பவும் குறைவு. அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். முந்தி ஒரு தாங்கி நின்று, பிறகு கழற்றிய இடம். அதற்குப் போன குழாயின் ஒரு துண்டு மட்டும் முனை அடைத்தபடி விடுபட்டு நின்றது. அதை வெட்டியபோது மையைப்போலக் கறுத்த சேறு வந்து விழுந்தது. வருடக் கணக்காக அதற்குள் நின்ற குழம்பு. மருந்து எட்டாத மூலையில் இருந்துகொண்டு, பழைய மருந்துக்குப் பழக்கப்பட்டு, ஓடிப்போகிற குழம்புக்கெல்லாம் கிருமியைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

குழாயை அப்புறப்படுத்தி, எல்லாவற்றையும் கழுவி, மருந்தையும் மாற்றினார்கள். விநாயகமூர்த்தி தேடிப் பிடித்த புது மருந்து. கொஞ்சம் விட்டாலே போதும், கிருமி நிற்காது. அதை முதல் முதலில் தாங்கிக்கு அளந்து விட்டவள் ஜோசப்பின். கையுறை போட்டிருந்தாள். அளவுக் கலனின் மூடி சரியாக இறுகாததால் மருந்து கையுறைக்குள் இறங்கிவிட்டது. தாங்கி தாங்கியாக ஏறி இறங்குகிற அவசரத்தில் ஈரமாக இருக்கிறதே என்று நினைத்தாளே தவிர கழற்றிப் பார்க்கவில்லை. பின்னேரம் கழற்றியபோது கை இரண்டும் சிவந்திருந்தன.

அன்று அது பெரிதாகத் தெரியவில்லை. தட்டுகள் வெறுமையாக வந்தன. ஆலைகள் திரும்ப வாங்கின. தொழிற்சாலை முற்றத்தில் எல்லாருக்கும் கிரிபத் என்ற பாற்சோறு கொடுத்தார்கள். ஜோசப்பினின் விரல்கள் மட்டும் ஆறவில்லை. வெடித்து நீர் வடிந்தது. ஆறும், திரும்ப அந்த மருந்துக்குக் கிட்டப் போனால் போதும், முன்னையதைவிடக் கூட வரும். கொழும்பில் தோல் வைத்தியரிடம் போனாள். முதுகில் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, இந்த மருந்து உங்கள் உடம்புக்கு ஒவ்வாது, இனி ஒருநாளும் ஒவ்வாது, தொடவே கூடாது என்றார். தொழிற்சாலையைக் காப்பாற்றிய மருந்து அவளுக்கு மட்டும் ஆகாமல் போயிற்று. அதே வகை மருந்து வேறு எத்தனையோ சாமான்களில் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஷம்பூவை விட்டுக் கட்டிச் சவர்க்காரத்துக்கு மாறினாள். வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்சி, பெயின்ற் பூசாமல் பார்த்துக்கொண்டாள்.

விநாயகமூர்த்தி அவளைக் கேற்றடிக் கந்தோருக்கு மாற்றினார். பவுசர்கள் வருவதையும் போவதையும் பதிகிற வேலை. சம்பளம் குறையவில்லை, ஆனால் தாங்கிப் பக்கம் போக முடியாது. ஆய்வுகூடத்துக்கு ஒரு கண்ணாடி யன்னல் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஜோசப்பின் அதற்கு வெளியே மாமர நிழலில் வந்து நிற்பாள். சோமலதா உள்ளேயிருந்து அன்றைய தட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டுவாள். வெறும் தட்டுக்குச் சிரிப்பு. புள்ளித் தட்டுக்கு ஜோசப்பின் விரலால் எந்தத் தாங்கி என்று கேட்பாள். உள்ளேயிருந்து விரலாலேயே பதில் வரும். சோமலதா ஓய்வு பெறும்வரை அது ஒருநாளும் தவறியதில்லை. அந்த யன்னலடியில் நின்ற காலம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலமோ என்று ஜோசப்பின் சில வேளை நினைப்பாள். கிட்டப் போக முடியாத ஒன்றை ஆரோ தனக்காகத் தூக்கிப் பிடித்துக் காட்டிய காலம் அது.

பிறகு காரியங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. தாய் இறந்தா. விநாயகமூர்த்தி மகளோடு கனடாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். கொரோனா வந்த வருடம் சில்வெஸ்ரர் ஒரு காலமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபடியே சரிந்தார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருடம் அவள் கேற்றடியில் இருந்தாள். வேறு சாரதிகள் ஓட்டி வருகிற பவுசர்களைப் பதிந்தாள். ஓய்வு வந்ததும் தம்பியின் பேச்சைக் கேட்டு ஊருக்கு வந்தாள்.

வந்த இடத்தில்தான் சுவர் அவளை மறித்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் வைத்தியர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, குளிசையும் பூசுகிற மருந்தும் கொடுத்தா. பெயின்ற் காய்ந்தாலும் அதிலிருந்து அந்த மருந்து கன நாளைக்குக் காற்றில் வந்துகொண்டிருக்கும், அந்த வீட்டில் இப்போதைக்குப் படுக்கக் கூடாது என்றா. ஜோசப்பின் தன் பெட்டியோடு அடுத்த வளவில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்தாள். அங்கே அறை இரண்டுதான். தம்பி மகள் அனோஜினி தன் கட்டிலை மாமிக்கு விட்டுவிட்டு நிலத்தில் பாய் விரித்தாள்.

கிறிஸ்தோப்பர் இரண்டு நாள் புது வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் வந்து கம்மிய குரலில் கேட்டான்.

“அக்கா, சுவர் முழுக்கச் சுரண்டிப்போடட்டோ?”

“வேண்டாமடா. சுரண்டினா தூள் பறந்து இன்னும் மோசமாப் போகும்.”

“எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே.”

“கைக்கு மருந்து ஒவ்வாது எண்டுதானே சொன்னனான். சுவரும் ஒவ்வாது எண்டு நீ என்னெண்டு நினைப்பாய்?”

அவன் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விட்டான். ஜோசப்பின் காற்று வீசுகிற பக்கமாகப் போய் நின்று புது வீட்டைப் பார்த்தாள். யன்னல் வழியே வெள்ளைச் சுவர் தெரிந்தது. எந்தத் தொழிற்சாலைக் குழம்போ, எந்தப் பிள்ளை தட்டுப் பார்த்து மருந்து விட்டதோ. நல்ல வெள்ளை, பழுதில்லாத வெள்ளை என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. பெரிய தாங்கிகளின் உருளைச் சத்தமும், வேலை முடிந்து கை கழுவுகிற தொட்டியடியில் பெண்கள் கதைக்கிற கதையும் ஞாபகம் வந்தன.

அன்று பின்னேரம் சோமலதாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். ஊர் வந்த பிறகு முதல் தரம். சிங்களத்தில்தான் கதைத்தார்கள். சுவரைப் பற்றி முழுக்கச் சொன்னாள். பிறகு சோமலதா மெதுவாகக் கேட்டாள்.

“ஜோசி நங்கி, தட்டில் பூச முதல் நாங்கள் ஒரு உப்புக் கரைசல் விடுவோமே, ஏன் விடுவோம்?”

ஜோசப்பினுக்கு உடனே பிடிபட்டது. தாங்கியிலிருந்து எடுத்த குழம்பில் மருந்து இருக்கும். அதை அப்படியே தட்டில் பூசினால் மருந்து தட்டிலும் நின்று கிருமியை வளரவிடாது. தாங்கியில் கிருமி இருந்தும் தட்டு பொய்யாக வெறுமையாய்த் தெரியும். அதனால் முதலில் ஒரு உப்பை விட்டு மருந்தின் வாயைக் கட்டிவிடுவார்கள். புது மருந்து வந்த பிறகு விநாயகமூர்த்தி அதற்கென்று ஒரு கந்தக உப்பைக் கொண்டுவந்து தந்தார். நெருப்புக்குச்சி உரசினதுபோல மூக்கில் ஏறும்.

“அது மருந்தைக் கொல்லும். சுவரில் இருப்பதும் அதே மருந்துதானே,” என்றாள் சோமலதா. “தட்டில் செய்ததைச் சுவரில் செய்தால் என்ன? எனக்குத் தெரியாது, கேட்கிறேன்.”

இருவரும் ஏதோ பழைய மேசைக்கு முன் நிற்பவர்கள்போல அதைப் பற்றியே கதைத்தார்கள். எவ்வளவு கரைப்பது, எத்தனை தரம் பூசுவது, பூசின பிறகு எப்படிப் பார்ப்பது. காசு முடிந்து ரெலிபோன் நின்றது. சோமலதா திருப்பி எடுத்தாள்.

அடுத்த நாள் ஜோசப்பின் வைத்தியரிடம் போய்க் கேட்டாள். அந்தப் பிள்ளை அதைச் சிரித்துத் தள்ளவில்லை. தனக்கும் தெரியாது, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி, தேடியும் பார்த்தது. வெளிநாட்டில் சில வைத்தியர்கள் இப்படிச் சுவருக்குப் பூசிச் சுகம் கண்டதாக எழுதியிருக்கிறார்கள், செய்து பார்க்கலாம், ஆனால் பூசும்போது நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, இழுப்பு வருத்தம் உள்ளவர்களும் கிட்ட நிற்கக் கூடாது என்றது.

உப்பை எங்கே எடுப்பது என்பதுதான் பிறகு யோசனை. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று சொல்லி, அந்த உப்பின் பெயரையும் நெருப்புக்குச்சி மணத்தையும் ஜோசப்பின் சொன்னாள். கிறிஸ்தோப்பர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான். நெருப்புக்குச்சி மணம் என்றாளே, வெள்ளைத் தூளா என்று கேட்டான். ஓம் என்றாள்.

“உது எங்கட இறால் உப்பெல்லோ அக்கா. தலை கறுக்காமல் இருக்க ஐஸ் தண்ணியில கரைச்சுத் தோய்க்கிறது. இறால் எடுக்கிறவையிட்டை மூட்டையாக் கிடக்குது.”

ஜோசப்பின் நம்பவில்லை. அவன் மோட்டார்சைக்கிளில் போய்ப் பொலித்தீன் பையில் கொஞ்சம் கொண்டு வந்தான். பையின் வெளியில் எழுதியிருந்த பெயரை அவள் வாசித்தாள். ஆய்வுகூட அலுமாரியின் நடுத்தட்டில் இருந்த அதே உப்பு. தம்பி இத்தனை வருடமும் கடற்கரையில் கையில் அள்ளிக்கொண்டிருந்ததைத் தான் ஜா-எலயில் துளித் துளியாய் நிறுத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிறிஸ்தோப்பரும் அந்தக் கிழமையில் முதல் தரமாகச் சிரித்தான்.

வீடு முழுக்க ஒரேயடியாகச் செய்ய அவள் விடவில்லை. சின்ன அறையில் மட்டும் முதலில் பூசிப் பார்ப்போம் என்றாள். கிறிஸ்தோப்பர் முகத்தைச் சுற்றித் துணி கட்டி, கையுறை மாட்டி, கதவு யன்னல் எல்லாம் திறந்து வைத்துவிட்டு உப்புத் தண்ணீரைத் தூரிகையால் சுவரில் இழுத்தான். ஜோசப்பின் வீட்டை விட்டுத் தள்ளி ஒழுங்கை முடக்கில் நின்று கரைசல் அளவைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். எமில்டா வேலியடியில் நின்று அதை அவனுக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். கண்ணெல்லாம் எரிய அவன் வெளியே வந்து வந்து மூச்சு விட்டான். காய விட்டு இன்னொரு தரமும் பூசினான்.

காற்றாட விட்ட பிறகு ஜோசப்பின் அந்த அறை வாசலில் கதிரை போட்டு இருந்தாள். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்தாள். கழுத்தோரம் இலேசாக அரித்து அடங்கியது. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. அப்போதும் அவள் அவசரப்படவில்லை. தட்டுப் பார்த்துப் பழகியவளுக்குப் பொறுமை இருந்தது. ஒரு கிழமை பார்த்த பிறகுதான் மற்ற அறைகளையும் செய்யச் சொன்னாள். மாதம் முடிய முன் பெட்டியை எடுத்துக்கொண்டு தாய் தகப்பன் வீட்டுக்குக் குடிபோனாள். சமையலில் நிற்கும்போது எப்போதாவது ஒரு கண் கசியும். புகையாக இருக்கலாம். வீங்கவில்லை.

சோமலதாவிடம் ரெலிபோனில் சொன்னபோது அவள், வைகாசியில் எங்களுடைய ஊர்ச் சனம் நயினாதீவு விகாரைக்கு பஸ் பிடித்து வருகிறது, நானும் வருகிறேன் என்றாள்.

வந்தாள். மூட்டு வருத்தம், கையில் தடி, வெள்ளைச் சேலை. குறிகட்டுவானிலிருந்து படகில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவளை வேலணையில் வைத்துக் கிறிஸ்தோப்பர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். விடிய அதே பஸ் யாழ்ப்பாணத்தில் அவளை ஏற்றிக்கொள்வதாக ஒழுங்கு. கேற்றடியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எமில்டா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

யாத்திரை போகும் வழியெல்லாம் மச்சம் மாமிசம் தொடாமல் வந்த சோமலதா, நண்டுக் குழம்பைக் கண்டதும், கும்பிட்டு முடிந்துவிட்டதுதானே என்று கதிரையை இழுத்துப் போட்டாள். சாப்பிட்டு முடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரை விரலால் தடவி மூக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாகச் செய்திருக்கிறான் என்று சிங்களத்தில் சொன்னாள். கிறிஸ்தோப்பருக்கு ஜோசப்பின் அதைத் தமிழில் சொன்னாள்.

பிறகு சின்ன அறையில் மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டு இருவரும் படுத்தபடி கதைத்தார்கள். தொழிற்சாலையை விற்றுவிட்டார்கள் என்ற செய்தியை சோமலதா அப்போதுதான் சொன்னாள். வாங்கினவர்கள் தாங்கிகளை வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அங்கே சாமான் அடுக்கி வைக்கிற களஞ்சியமாம். ஆய்வுகூடம் இருந்த இடத்தில் லொறி திருப்புகிறார்களாம்.

“மாமரம்?” என்று ஜோசப்பின் கேட்டாள்.

“அது நிற்கிறது. காயும் காய்க்கிறது.”

அந்த மரம் நின்ற இடத்திலிருந்து தொடங்கி அவர்கள் தொழிற்சாலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். எந்தத் தாங்கி எங்கே நின்றது, எந்த ஏணியில் எத்தனையாம் படி ஆடும், உருளைக்குக் கல் போடுகிறவனின் பெயர் என்ன, கிரிபத் கொடுத்த அன்று விநாயகமூர்த்தி எந்தச் சேட்டுப் போட்டிருந்தார். ஒருத்தி மறந்ததை மற்றவள் சொன்னாள். சில்வெஸ்ரர் பவுசருக்குள் இருந்து சாப்பிடவா என்று கேட்ட கதையை சோமலதா சொல்லத் தொடங்கி, அந்தக் கதையின் நடுவிலேயே குறட்டை விட்டாள்.

ஜோசப்பின் எழும்பி யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். கடற்காற்று வந்தது. சோமலதாவின் காலடியில் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தானும் சரிந்தாள். அன்று பின்னேரம் முழுக்க இருவரும் நித்திரை கொண்டார்கள்.